நேரே வைத்த பாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வியாழக்கிழமை டாக்டர் சின்னவளைப் பார்த்து, “இப்படிப் பாதத்தை நேரா வச்சு நடக்க யாரும்மா உனக்குப் பழக்கினது?” என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள், “யாரும் இல்ல டாக்டர், நானாப் பழகிக்கிட்டேன்” என்றாள். நான் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். யார்மேலும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. போனில் நீங்கள் சுருக்கமாகக் கேட்பீர்கள், நான் அதைவிடச் சுருக்கமாகச் சொல்வேன், வைத்த பிறகுதான் நம் இருவருக்கும் பேச்சு வரும். அதனால்தான் கடிதம்.

அம்மா நலம். ஒரு வருடமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த அனுபவத்தில் இப்போது தெருவில் யார் முட்டி வலி என்றாலும் அவரே வைத்தியம் சொல்லி அனுப்புகிறார். எனக்கும் குறை ஒன்றும் இல்லை. அச்சகத்தில் வேலை அதிகம், பிழை திருத்தித் திருத்திக் கண் எரிகிறது, அவ்வளவுதான்.

போன வருடம் நடந்ததை உங்களிடம் ‘இடுப்பில் சின்ன ஆபரேஷன்’ என்று மட்டும்தான் சொன்னோம். முழுதாகச் சொல்கிறேன். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் அது சுழல்கிறது. சின்னவளுக்கு அந்தப் பந்தும் அதைத் தாங்கும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு மேடு இருந்தது. காலை மடக்கும்போதெல்லாம் அது குழியின் விளிம்பில் போய் இடித்தது. விளிம்பைச் சுற்றிக் குழாய்க்குப் போடும் வாஷர் மாதிரி ஒரு வளையம் உண்டு. இடிபட்டு இடிபட்டு அது கிழிந்தேவிட்டது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் போடுகிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டாக்டர் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் கருவியை விட்டு, மேட்டைச் செதுக்கி, கிழிசலைத் தைத்தார். நன்றாகத்தான் செய்தார். சில மாதங்கள் வலி இல்லை. பிறகு திரும்பி வந்துவிட்டது.

அப்போது நீங்கள் போனில், “சொன்ன எக்சர்சைஸை ஒழுங்காப் பண்ணியிருந்தா வலி ஏன் வருது? அவளுக்குப் பொறுமை கிடையாது” என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் உங்களிடம் சரியாகப் பேசாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கோபம் இல்லை அப்பா. மறுநாளே அவள் பயிற்சியை இரண்டு மடங்காக்கினாள். கூடத்துத் தரையில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டை ஒட்டிப் பாதங்களை வைத்துக்கொண்டு, குந்தி எழுவாள், மறுபடி குந்தி எழுவாள். பாதம் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட விலகாது. “போதும்டி, வேர்த்துக் கொட்டுது” என்று அம்மா சொன்னால், “சும்மா இரும்மா, அப்புறம் பொறுமை இல்லைன்னு பேர் வரும்” என்பாள். வலி கூடிக்கொண்டே போனது. எதைக் கொடுத்தாலும் பிசகாமல் செய்யும் பிள்ளை அவள். அந்தப் பிசகாமைதான் அவளை இன்னும் நோகடித்தது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வலி தாங்காமல் மறுபடி போனபோது, டாக்டரின் அறையில் நான் நாற்காலியை இழுத்தேன்; அப்போது தரையில் ஒரு டைல் ‘டொக்’ என்றது. சின்னவளுக்குப் பொறுக்குமா? டாக்டர் திரும்பி நின்று பழைய படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். இவள் பேசாமல் கீழே குந்தி, விரல்முட்டியால் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். “அடியில கலவை பிடிக்கல டாக்டர். பொள்ளலா இருக்கு. நாற்காலி ஏறி ஏறி விரிசல் விட்டுரும், ஆளை வச்சுப் பார்த்துருங்க” என்றாள். டாக்டர் திரும்பினார். டைலைப் பார்க்கவில்லை. அவள் பாதங்களைப் பார்த்தார். “அப்படியே இரு. எழுந்திருக்காதே” என்றார்.

வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு எல்லாம் மறந்துபோகும். பாதம் இரண்டும் நன்றாக வெளிப்பக்கம் திரும்பி, முட்டிகள் அகன்று, தவளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இப்படி இருந்தால் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். ரொம்ப நேரம் ஆனால்தான் வலிக்கும் என்றாள். பாதத்தை நேராக வைத்து உட்காரச் சொன்னார். உடனே வைத்தாள். உடனே முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் எழுந்திருக்கச் சொன்னார். பிறகு மேசையில் குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, கீழ்க்காலை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். உள்பக்கம், மற்றக் காலையும் தாண்டித் தாராளமாகச் சாய்ந்தது. வெளிப்பக்கம் போகவே இல்லை, பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. குப்புறப் படுத்திருக்கும்போது கீழ்க்கால் உள்ளே சாய்வதுதான் தொடை வெளிப்பக்கம் திரும்புவதாம். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பில் ஒரு படம், முட்டியில் ஒரு படம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தார்கள்.

தொடை எலும்பு ஒரு நேரான கம்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் ஓர் இடம்கூட நேர் இல்லை. நடுவில் லேசாக வளைகிறது. மேலே கழுத்து ஒருபக்கம் ஒடிந்து திரும்புகிறது. முழு எலும்பும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி கொஞ்சம் திருகியிருக்கிறது. பிறக்கும்போது அந்தத் திருகல் எல்லோருக்கும் அதிகம். வளர வளரத் தானாகவே தளர்ந்து, ஓர் இடத்தில் வந்து நிற்கும். கழுத்து சற்று முன்பக்கமாகச் சாய்ந்த நிலையில் நிற்க வேண்டும். சின்னவளுக்கு அங்கே நிற்காமல் இன்னும் போய், பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. பாதத்தை அதன் போக்கில் வெளியே விட்டால் பந்து குழிக்குள் வசதியாக இருக்கும். இழுத்து நேராக வைத்தாலோ, கழுத்து குழியின் முன்விளிம்போடு நெருங்கி, மடக்குவதற்கு இடமே இல்லாமல் போய்விடும்.

டாக்டர் இதையெல்லாம் ஒரு கையை முஷ்டியாக்கி மறு உள்ளங்கையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “கதவு தரையில உரசுதுன்னு அடியில இழைச்சுட்டோம். நிலையே திருகியிருக்குன்னு இப்பத்தான் பார்க்கிறோம். சரிதானே டாக்டர்?” என்றாள். அவர் சிரித்துவிட்டார். இழைத்ததும் தேவைதான், ஆனால் அது மட்டும் போதவில்லை என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். “இந்த மாதிரி எலும்பு இருக்கிறவங்க உள்ளே நுழையும்போதே பாதம் காட்டிக்கொடுத்துடும். நீ அணிவகுப்புல வர்ற மாதிரி நடந்து வந்தே. அதைப் பார்த்துட்டு நான் திருகலை அளக்காம விட்டுட்டேன். அளந்திருக்கணும். என் தப்பு” என்றார். பக்கத்தில் அவரிடம் படிக்கும் டாக்டர்கள் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. புத்தகங்களில் எத்தனையோ பெரிய மனிதர்களைச் சந்தித்திருக்கிறேன் அப்பா. இவ்வளவு சாதாரணமாக ‘என் தப்பு’ என்று சொன்ன ஒருவரை நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான், இந்த நடையை யார் பழக்கியது என்று கேட்டார். தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாரே தவிர வேறு ஒன்றும் இல்லை. எங்களில் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “சொன்னா? நீ அப்பாகிட்ட சொல்லுவே. அவர் அங்க ஒரு ரூம்ல தனியா உட்கார்ந்து அதையே யோசிச்சிட்டிருப்பாரு. சோறு இறங்காதுக்கா அவருக்கு” என்றாள். சின்ன வயதில் மொட்டைமாடியில் நீங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு அவளை நடக்கவைத்தது உண்மைதானே என்றேன். “உண்மைதான். பள்ளிக்கூடத்துல வாத்து வாத்துன்னு கூப்பிட்டாங்களே, அது எதனால நின்னுச்சு? அந்தக் கோட்டாலதானே. அவருக்கென்ன எக்ஸ்ரே கண்ணா இருக்கு?” என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் நேர்க்கோடு போடுகிறவள். தனக்குப் போட்ட கோட்டைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகப் பேசினாள்.

நான் மறுநாள் தனியாகப் போய், யார் என்று சொல்லாமல், சின்ன வயதில் யாராவது நேராக நடக்கவைத்தால் எலும்பு இப்படி ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆகாது என்றார். நடை எலும்பைத் திருகாது, அது வளர்ந்ததே அப்படித்தான். நேராக நடந்ததால் உரசல் கொஞ்சம் கூடியிருக்கலாம். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இதே வடிவ எலும்போடு ஒரு வலியும் தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் நிறையப் பேர் என்றார். அவர் சொன்னதில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. குந்துவதை விட்டுவிட்டு, பாதத்தை அதன் போக்கில் விட்டு நடந்து, அதற்கேற்ற பயிற்சியோடு காலத்தை ஓட்டலாம். வீட்டோடு இருப்பவர்களுக்கு அது போதும். இல்லையென்றால் தொடை எலும்பை வெட்டி, அளந்த அளவுக்குத் திருப்பி, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்திச் சேர்க்க வேண்டும். எலும்பு கூடும்வரை ஊன்றுகோல். மெதுவாகக் கூடலாம், சிலருக்குக் கூடாமலும் போகலாம். வலி முழுக்கப் போய்விடும் என்று எழுதித் தரமாட்டேன் என்றார். “படத்தைப் பார்த்து நான் யாரையும் வெட்டறதில்ல. உனக்கு எந்த வாழ்க்கை வேணும்னு நீ சொல்லு” என்று அவளிடமே விட்டுவிட்டார். மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

அவளுக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நீங்கள் அவள் வேலை செய்து பார்த்ததில்லை. அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரும் வேலை வாங்கித் தருகிறேன் என்றபோது அவள் சிரித்ததுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஒருமுறை மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒரு குளியலறை முடிந்திருந்தது. அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் வீட்டுக்காரரும் வாசலில் நின்றார்கள். இவள் மூலையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். தண்ணீர் எங்கும் தேங்காமல், யோசிக்காமல், நேராக வடிகாலுக்குப் போயிற்று. கண்ணுக்குத் தரை தட்டையாகத்தான் தெரிந்தது. அதற்குள் இவ்வளவு வாட்டத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். “மேஸ்திரிக்கா கை வச்சா தண்ணியே வழி கேட்காது” என்றாள் ஒருத்தி. இவள் குவளையைக் கழுவி வைத்துவிட்டு, சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். அந்த வேலையை நின்றுகொண்டு செய்ய முடியாது அப்பா.

ஆனாலும் சரி என்று சொல்லாமல் இருக்கிறாள். பயம் இருக்கிறது, யாருக்குத்தான் இருக்காது. அது மட்டும் காரணம் இல்லை. தொடை எலும்பை வெட்டுவதை உங்களிடம் மறைக்க முடியாது. சொன்னால், ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று சொன்னால் மொட்டைமாடிக்கு வந்து சேரும். அந்த ஓர் இடத்தைச் சுற்றி வர வழி தெரியாமல் நிற்கிறாள். நீங்கள் வருத்தப்படக் கூடாது என்பதற்காக அவள் தன் காலையே விட்டுக்கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்கலாமா என்று தெரியவில்லை. நீங்கள் தூங்கும்போது உங்கள் பாதங்கள் இரண்டும் அந்தப் பக்கச் சுவரையும் இந்தப் பக்கச் சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்து நின்றதும் நேராகிவிடும். நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்து முதல்முதலில் பயிற்சி மைதானத்துக்குப் போனபோது உங்களுக்கும் யாராவது கோடு போட்டார்களா? உங்களுக்கு இடுப்பில் வலி உண்டா? பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

முடிந்தால் லீவு கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். நடையைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். இப்போது எந்த வீட்டில் தரை போடுகிறாள் என்று கேளுங்கள். எல்லாம் தெரியும், போய்ச் செய்துகொள் என்று கடைசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது உங்கள் வாயால்தான் வரவேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்


அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் லீவு முடிந்து திரும்பிப் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இங்கே இருந்த நாட்களைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முன்தினம் டாக்டர் அறையில், அவர் ஒன்றும் கேட்காமலே, நீங்கள் எழுந்து நின்று, “இவளை நேரா நடக்கப் பழக்கினது நான்தான் சார்” என்றீர்கள். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று சொன்னீர்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர், “அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கோம். பாதத்தைப் பார்த்தோம், எலும்பைப் பார்க்கல. உட்காருங்க” என்றார். அன்று அந்த அறையில் இருந்த இரண்டு ஆண்களையும் நான் எவ்வளவு பெரியவர்களாக நினைத்தேன் என்பதை இந்தக் கடிதத்தில் மட்டும் சொல்லிவைக்கிறேன். பிறகு அவர், உங்களுக்கு இடுப்பு வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்று நீங்கள் மிக வேகமாகச் சொன்னீர்கள்.

போன வாரம் எடுத்த படத்தில் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஊன்றுகோலை அம்மா பரண்மேல் போட்டுவிட்டார். வலி இல்லை என்று சொல்ல மாட்டாள். மழை நாளில், மாடிப்படி ஏறும்போது கம்பி இருப்பது தெரிகிறதாம். ஆனால் அந்தப் பழைய வலி, உள்ளே கொக்கி மாட்டி இழுக்கிற மாதிரி என்று சொல்வாளே, அது இல்லை. மறு காலிலும் அதே திருகல் இருக்கிறது. அது வலிக்கவில்லை, அதனால் டாக்டர் அதைத் தொடவில்லை. வலிக்காத காலை வெட்டுவது தன் வேலை இல்லை என்றுவிட்டார்.

அதனால் இப்போது அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பாதம் யாரும் சொல்லாமலே நேராகப் போகிறது. மற்றது தன் இஷ்டத்துக்கு வெளியே திரும்பிப் போகிறது. அதைப் பிடித்து நேராக்குவதை அவள் விட்டுவிட்டாள். அம்மா பார்த்து, “என்னடி இது, ஒண்ணு ஒரு பக்கம் ஒண்ணு ஒரு பக்கம்” என்றார். “ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு எனக்கு” என்றாள். உங்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் எப்படி வேண்டுமானாலும் நில்லுங்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகாவது காலை அதன் போக்கில் விடுங்கள் அப்பா. அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்

பி.கு.: இதை நேற்றே தபாலில் சேர்த்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவில்லை. இன்று சின்னவள் வேலைக்குப் போனாள். ஒரு சமையலறை. பாதித் தரையை அவள் போட்டாள். கால் போதும் என்றதும் எழுந்துவிட்டாள், மீதியை அவளோடு வேலை செய்யும் மற்ற இருவரும் போட்டார்கள்.